பெட்டை நண்டுக்கு ராஜா என்று பெயர்

போர்த்வெல்லன், கார்ன்வால்
ஜூன் மாதத்து இரண்டாம் ஞாயிறு, 2022

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மகள் கெரென்சாவுக்கு,

உன் அம்மா எழுதிக்கொள்வது. கடலுக்கு அப்பால் வீகோ நகரில் வாழும் நீயும், மாப்பிள்ளை பிரையிஸும், நான் இன்னும் கையில் ஏந்திப் பாராத பேத்தி உஷியாவும் குறைவின்றி இருப்பீர்களாக. இங்கே நானும் உன் தந்தையும், அவருடைய இடது முழங்காலும் பிடிவாதமும் நீங்கலாக, நலமே. உன் கடிதத்துக்கு உரிய காலத்தில் மறுமொழி எழுதத் தவறியமைக்கு முதற்கண் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். அது சோம்பலால் நேர்ந்ததன்று. நீ கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. இந்தக் கோடையில் கணவரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்தால் அப்பா அவரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்பாரா, அல்லது நாங்கள் விடுதியில் அறை எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்கான விடை என்னிடம் இல்லை. விடை வைத்திருந்தவரோ வானொலியை உரக்க வைத்துக்கொண்டு தம் நாற்காலியில் அமர்ந்திருந்தார். நான் கேட்கும்போதெல்லாம் மேற்கே மேகம் கூடுகிறது என்றார், அல்லது படகுக்குச் சாயம் பூச வேண்டும் என்றார். வானிலையையும் சாயத்தையும் உனக்கு விடையாக எழுதி அனுப்ப என் மனம் ஒப்பவில்லை. ஆகவே காத்திருந்தேன்.

உன் தந்தை அந்தப் பழைய நிகழ்ச்சியை இப்போது ஊரில் எவ்வாறு சொல்லித் திரிகிறார் என்பது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஸ்பெயின்காரன் ஒருவன் வந்தான், என் நண்டையும் கொண்டுபோனான், என் பெண்ணையும் கொண்டுபோனான் என்பது அவர் வாக்கு. நடந்தது என்னவென்று படகுத்துறை முழுதும் அறியும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு விலகுவதென்ற வாக்கெடுப்பின் முடிவு வெளியான காலையில், உயிர் நண்டு ஏற்ற வழக்கம்போல் லாரியோடு வந்து நின்ற பிரையிஸிடம், இனி உன் வண்டியை உன் ஊருக்கே ஓட்டிக்கொள் என்று உரக்கச் சொன்னவர் இவர்தாம். அந்தப் பிள்ளை மரியாதை தெரிந்தவர், சொன்னபடி ஓட்டிக்கொண்டு போனார். முன்னிருக்கையில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதைக் கட்டளையிட்டவர் கவனிக்கவில்லை. ஆறு ஆண்டுகளாக அவர் உன் பெயரைச் சொல்லாமல் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார். 'அங்க குளிரா இருக்குமோ' என்பார். எங்கே என்று நான் கேட்டால், 'பொதுவாச் சொன்னேன்' என்பார்.

பிரையிஸுக்குப் பின் வேறு ஓட்டுநர்களோடு அந்த லாரி சில ஆண்டுகள் வந்துகொண்டுதான் இருந்தது. புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபின் அதுவும் நின்றது. இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் கால்நடை மருத்துவர் கையொப்பம் வேண்டுமாம். அவர் வந்து கையொப்பமிட்டு, வண்டி துறைமுகத்தில் வரிசையில் நின்று, பெட்டி அக்கரை சேர்வதற்குள் நண்டு தன் மறுமையைச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே இவ்வாண்டு வலை நிறையச் சிலந்தி நண்டு, வாங்குவாரோ ஒருவருமில்லை. நம் ஊரில் அதை இரையாக வைப்பார்களேயன்றி உணவாக எண்ணியவர் கிடையாது என்பது உனக்கே தெரியும். பொருளியல் தெரியாதவர்கள் மட்டும் இவ்வூரில் ஒருவருமில்லை. பப்பில் ஒரு மூலையில் ஹெட்லி கிளெமோ அமர்கிறார். வாழ்நாளில் ஒரு படகிலும் ஏறாதவர், சுற்றுலாக் கூடார வண்டிகளை வாடகைக்கு விட்டே வயிறு வளர்த்தவர், அவர்தாம் நம் கடல், நம் மீன், நம் சட்டம் என்று மேசையைத் தட்டுகிறார். எதிர்மூலையில் டாக்டர் பெரிக்ரின் ஆஷ்வொர்த். லண்டனில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்று, இங்கே கோடைக்கு மட்டும் கதவு திறக்கும் வீடொன்றை வாங்கியவர். விலகியதால் நாட்டு வருமானம் நூற்றுக்கு நான்கு குறையும் என்று டாக்டர் சொன்னால், அது பெருந்தொற்றின் வேலை என்று ஹெட்லி சொல்வார். போரின் வேலை என்று ஒருவர் எழுவார், வானிலையின் வேலை என்று இன்னொருவர் எழுவார், விவாதம் முடிவதற்குள் பீர் விலை ஏறிவிடும். மீன்பிடித் தொழில் நாட்டு வருமானத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் எவ்வளவோ கீழே, அதற்காகவா இத்தனை ஆரவாரம் என்று ஒரு நாள் டாக்டர் கேட்டுவிட்டார். அப்போது உன் தந்தை கோப்பையைக் கீழே வைத்து, 'அப்போ நான்னு ஒருத்தன் இருக்கறதே உங்க கணக்குல கெடயாதா சார்?' என்றாராம். டாக்டர் விடையாகத் தம் கோப்பை அட்டையில் ஒரு வரைபடம் வரையத் தொடங்கினாராம்.

இவ்விடத்தில் உன் அத்தை மெரினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையேல் மறந்துவிடும். அயலார் வரவைத் தடுக்க வேண்டும் என்று வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தவள், ஸ்பெயினின் அலிகாந்தேயில் தனக்கிருக்கும் வீட்டில் இனித் தொண்ணூறு நாட்களுக்கு மேல் சேர்ந்தாற்போல் தங்கக்கூடாது என்று அறிந்து கொதிக்கிறாள். 'நம்மளப் போயி அந்நியங்க மாதிரி நடத்தறாங்க லவ்டே' என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் தேநீர் கொடுத்தேன். அந்நிய நாட்டில் அந்நியர் வேறு எவ்வாறு நடத்தப்படுவர் என்று கேட்க நாக்கு துடித்தது. உடன்பிறந்தான் மனைவி என்ற முறையில் அடக்கிக்கொண்டேன். என் அடக்கத்தை நீ பாராட்டுவாய் என நம்புகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வியாழனன்று மீனவர் மன்றத்தில் பொதுக்கூட்டம் கூடியது. வெளிநாட்டார் வாங்காவிட்டால் நம் நாட்டாரையே தின்னச் செய்வோம், அதற்குத் தடையாயிருப்பது சிலந்தி என்ற சொல் ஒன்றுதான், ஆகையால் நண்டுக்குப் புதுப்பெயர் சூட்டுவோம் என்பது ஹெட்லியின் திட்டம். ட்ரூரோவிலிருந்து விளம்பர நிபுணர் ஒருவரை வரவழைத்திருந்தார். அந்த இளைஞர் திரையில் படங்கள் காட்டி, சிலந்தி என்றதும் இல்லத்தரசிகள் அலறுகிறார்கள், 'கார்னிஷ் ராஜ நண்டு' என்றால் பணப்பையைத் திறப்பார்கள் என்று விளக்கினார். ஹெட்லிக்கு 'விடுதலை நண்டு' என்று வைக்க ஆசை. டாக்டர் எழுந்து, பிரெஞ்சுப் பெயர் வைத்தால் லண்டன் உணவகங்களில் இரண்டு மடங்கு விலை போகும் என்றார், மண்டபம் அவரை ஊளையிட்டு உட்கார வைத்தது. ஏற்றுமதி முடங்கியதைப் பற்றி யாரோ கேட்க, அதெல்லாம் பல் முளைக்கும் காலத்துச் சிறு தொல்லை என்று ஹெட்லி அருளினார். ஐஸ் கட்டி விற்கும் ஜேபஸ் கிழவர் பின்வரிசையிலிருந்து, 'ஆறு வருஷமா முளைக்குதா? எனக்கு இருந்த பல்லே போயிருச்சேப்பா' என்றார். உன் தந்தையும் சுவரோரமாய் நின்று ஒரு வார்த்தை போட்டார். வலையில் ஏறுவதில் ஆணும் உண்டு, பெட்டையும் உண்டு, இந்தப் பருவத்தில் பாதிக்குமேல் பெட்டைதான், 'பெட்டைக்குப் போயி ராஜான்னு பேரு வெப்பீங்களா?' என்று கேட்டார். நிபுணருக்கு நண்டில் ஆண் பெண் உண்டென்பதே அன்றைக்குத்தான் தெரியும் போலும். குறித்துக்கொண்டார்.

மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் நடவடிக்கைகளை எழுதிக்கொண்டிருந்த நான், அதற்கு மேல் பொறுக்கவியலாமல் எழுந்து, தலைவர் அவர்களே, சபையின் அனுமதியோடு ஒரு விளக்கம் கோருகிறேன், இங்கே கூடியிருப்போரில் இந்த நண்டை ஒருமுறையேனும் சுவைத்தவர் எவரோ அவர் கையுயர்த்துக என்றேன். ஒருவரும் உயர்த்தவில்லை. நிபுணர் தம் காலணியைப் பார்த்தார். டாக்டர், கோட்பாட்டளவில் அறிவேன் என்றார். ஹெட்லியோ, 'எரைய எவன் திம்பான் லவ்டே' என்று சொல்லிவிட்டு, தாம் யாருக்காக எதை விற்க வந்தோம் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அமரப் போனேன். அப்போது சுவரோரத்தில் ஒரு கை எழுந்தது. பள்ளிப் பிள்ளை வெளியே போக அனுமதி கேட்பதுபோல் பாதியளவே எழுந்த கை. உன் தந்தையின் கை, கெரென்சா.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஹெட்லி சிரித்துக்கொண்டே, 'என்ன டென்சில், நீ எப்போ ஸ்பெயின்காரன் ஆனே?' என்றார். உன் தந்தை, 'எங்க வீட்டு அடுக்களைலதான். அந்தப் பையன் ஒரு வாளி கடல்தண்ணி மொண்டாந்து, பிரிஞ்சி எல ரெண்டு போட்டு அவிச்சான். நான் மூணு தின்னேன். ஓட்ட ரொட்டியால தொடச்சும் தின்னேன். நல்லா இருந்துச்சு, போதுமா?' என்றார். அது எந்நாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாக்கெடுப்புக்கு முந்தைய வசந்தத்தில் நான் என் தங்கை வீட்டுத் துக்கத்துக்காக ரெட்ருத் போய்த் திரும்பியபோது, கொல்லைச் சுவர்மேல் நண்டோடுகள் பளபளவென்று கிடந்தன. அந்தப் பையன் என்னவோ சமைத்தான், நான் தொடவில்லை, கடற்காகங்களுக்குப் போட்டேன் என்று சொன்னார். நம் ஊர்க் கடற்காகங்கள் ரொட்டியால் ஓடு துடைக்கும் நாகரிகம் கற்றவை அல்ல என்பதை அன்றே நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

ஹெட்லி விடவில்லை. அப்படியானால் விலகுவதற்கு நீ போட்ட வாக்கு தவறென்று சொல்கிறாயா என்று மடக்கினார். டாக்டரும் ஆவலோடு முன்னே சாய்ந்தார், இத்தனை ஆண்டு அவர் காத்திருந்த வாக்குமூலமல்லவா. உன் தந்தை இருவரையும் பார்த்துச் சொன்னதை, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். 'ஓட்டுப் போட்டது போட்டதுதான். அதப்பத்தி ஒங்க ரெண்டு பேருகிட்டயும் பேச நான் வரல. ஆனா எம் பொண்ண லாரில ஏத்தி அனுப்புன்னு அந்தச் சீட்டுல எங்கயும் எழுதியிருக்கல, ஹெட்லி. அது நானாச் செஞ்சது.' பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கூட்டம் சற்று நேரம் இருமியது. பின்னர் ராஜ நண்டு என்ற பெயர் பெருவாரியான கைகளால் நிறைவேறிற்று. இவ்வூர் சுவைத்துப் பாராமல் வாக்களிப்பது இது முதல் முறையன்று.

மறுநாள் காலைத் தேநீரின்போது, வானொலியைத் தாமே அணைத்துவிட்டு, அந்தப் பாப்பா பெயரை இன்னொரு தரம் சொல் என்றார். சொன்னேன். ஊசியா என்றார். திருத்தினேன். உஷா என்றார். இப்போது நண்டுக்கூடைகளிடம் அப்பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறார் என்று, உடன் கடலுக்குப் போய்வந்த ஜேபஸ் சொன்னார். நேற்று டாக்டர் வீட்டு வாசலுக்குப் போய்த் தோட்டத்துப் பிரிஞ்சி மரத்தில் இலை வேண்டும் என்று கேட்டு வாங்கிவந்தார். இலையோடு வணிகப் பற்றாக்குறை பற்றி ஒரு சொற்பொழிவும் கிடைத்ததாம், அதை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாராம். இரவல் வாங்கிவந்த தேவாலயத்துப் பெரிய பானை இப்போது நம் அடுக்களையில் கவிழ்ந்து கிடக்கிறது. மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நீ எதிர்பார்க்காதே, பிரையிஸையும் எதிர்பார்க்க வேண்டாமென்று சொல். பானையைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும். அவர் சொல்லியனுப்பியது இவ்வளவே: 'விடுதி கிடுதின்னா நானே போயி பொட்டியத் தூக்கிட்டு வந்துருவேன். நண்டு நான் புடிக்கறேன், அவன் சமைக்கட்டும்.'

ஆகவே உன் கேள்விக்கு விடை, ஆம் என்பது. குழந்தைக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வா, நம் ஜூலையை நம்ப முடியாது. விமான நிலையத்தில் அங்கே உனக்கு ஒரு வரிசையும் கணவருக்கு ஒரு வரிசையும் ஆகிவிட்டது என்கிறார்கள், குழந்தை எந்த வரிசை என்பதை முன்கூட்டியே விசாரித்து வை. திரும்பும்போது பாஸ்டி கட்டித் தருமாறு கேட்காதே, இறைச்சிப் பண்டத்தை அக்கரையில் பறித்துக் குப்பையில் போடுவார்களாம், என் கைப்பண்டம் அரசியலுக்கு இரையாவதை நான் விரும்பவில்லை. இங்கேயே உண்டுவிட்டுப் போங்கள். மாப்பிள்ளையின் அன்னைக்கு என் வணக்கத்தைத் தெரிவி. உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல உணவும் வாய்க்க வேண்டும் என்று உளமார வாழ்த்துகிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வை. சிலந்தி நண்டு கரையோரம் இருப்பது கோடைவரைதான். அதன்பின் ஆழத்துக்கு நடந்துவிடும், ராஜா என்று கூப்பிட்டாலும் திரும்பாது. உன் தந்தையின் மனமும் ஏறக்குறைய அதே இனம். எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
லவ்டே நான்காரோ