ஞாயிற்றுக்கிழமை ஜக்கூஸி

அப்பா,

எங்கள் அப்பார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் சுழல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். வாசலில் ‘ஜக்கூஸி’ என்று பலகை. குளோரின் வாசனை லிஃப்ட் வரைக்கும் வருகிறது. “அந்தப் பேருக்கு என்னம்மா அர்த்தம்?” என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியாதா? தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ரிச்சர்ட்ஸ் டவுன் கடையில் நீங்கள் குளியலறைச் சாமான் விற்ற காலம். எனக்குப் பதினொரு வயது. முட்டியும் மணிக்கட்டும் வீங்கி, காலையில் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது. ஞாயிறுதோறும் ஜீவனஹள்ளி வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிப்போய், கடையில் பார்வைக்கு வைத்திருந்த தொட்டியில் என்னை உட்கார வைப்பீர்கள். மோட்டார் ஓடும். வெந்நீர் முட்டியைச் சுற்றிச் சுழலும்போது வலி விட்டுப்போகும். அந்தச் சுகம் பொய்யில்லை.

வாடிக்கையாளர் வந்ததும் ஆரம்பிப்பீர்கள். “ஜக்கூஸிங்கறது ஒரு குடும்பப் பேரு சார். இத்தாலிலேர்ந்து அமெரிக்கா போன அண்ணன் தம்பிங்க, தண்ணி பம்பு செஞ்சவங்க. அதுல ஒருத்தர் பையனுக்கு மூட்டுவலி. ஆஸ்பத்திரி வைத்தியம் வீட்டுலயே கெடைக்கணும்னு அப்பன் யோசிச்சதுலதான் இது வந்துச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நம்ம பொண்ணுக்கும் அதே வலிதான்” என்பீர்கள். கன்னடக்கார அம்மாள் ஒருத்தி “அய்யோ பாப” என்று பரிதாபப்பட்டு என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

எனக்கு ஒரே பெருமை. அந்தப் பையனின் அப்பா மாதிரிதான் எங்கப்பாவும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆட்கள் போனதும் மோட்டாரை நிறுத்திவிடுவீர்கள். அதைக்கூட நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் புது மருந்து வேலை செய்தது. ஒரு ஞாயிறு ஸ்கூட்டரிலிருந்து நானே குதித்து இறங்கினேன். உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். நீங்கள் கடைக்குள்ளே காத்திருந்த குடும்பத்தைப் பார்த்தீர்கள். குனிந்து காதில் சொன்னீர்கள்: “இன்னிக்கு மட்டும் கொஞ்சம் நொண்டி நடம்மா.”

நொண்டினேன். தொட்டி விற்றுப்போனது. திரும்பும் வழியில் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தீர்கள். வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தேனே, அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

“குடும்பத்துக்காகத்தானே பண்ணாரு, விடுடி” என்று அம்மா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். இருக்கட்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வலி குறைஞ்சிருக்காம்மா என்று ஒரே ஒரு வார்த்தை.

போன மாதம் உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று முட்டி பழையபடி வீங்கியிருந்தது. நிமிர்ந்தே நடந்து வந்தேன். “அப்பன் செத்துக் கெடக்கான், இவ நடையப் பாரு” என்றாள் அத்தை. துக்கம் இருந்தது அப்பா. வலியும் இருந்தது. ஆனால் நாலு பேர் பார்க்கும்போது கால் லேசாக இழுத்தாலே காதில் உங்கள் குரல் கேட்கிறது. வலிக்கிற நாளில்தான் நான் ரொம்ப நேராக நடக்கிறேன்.