நான் ஓட்டும் லட்சணம்

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் அந்த மஞ்சள் விளக்கு. மேட்டுச் சாலையில் பாதி ஏறியதும் எரிந்தது, வண்டி அப்படியே சோர்ந்துபோனது. மிதித்தால் உறுமுகிறது, நகரமாட்டேன் என்கிறது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. கிளினிக்கில் என்னிடம் முழங்கால் பயிற்சிக்காகக் காத்திருந்த பெரியவர், "இன்னைக்கும் வண்டியாம்மா?" என்றார். எனக்கு மானம் போனது.

வீட்டில் சொன்னால், இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "நீ ஓட்டுற லட்சணம் அப்படி" என்கிறார். டீசல் வண்டியை விரட்டி ஓட்டணுமாம். நான் உருட்டுகிறேனாம். அதனால் கரி அடைக்கிறதாம். ஊரெல்லாம் தண்ணீர்க் குழாய் மாட்டுகிற மனிதர், இஞ்சினுக்கும் இவரே டாக்டர்!

மார்ச் 5, வியாழன்

மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவை என் பொறுப்பில் விடுகிறோம், வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வண்டி ஓடினால்தான் இந்த வேலை.

இவரிடம் சொன்னேன். "இந்த மேட்டுக்கே தத்தளிக்கிற, மலைக்கு எங்க போகப்போற?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வேலை எனக்கு வேணும். வேணும்னா வேணும்.

மார்ச் 9, திங்கள்

ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். இ.ஜி.ஆர். கோளாறாம். புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இஞ்சினுக்குள்ளேயே அனுப்புகிற வால்வு அது. புகை போதுமான அளவு வரவில்லை என்று காட்டுகிறது; அதனால் கம்ப்யூட்டரே வண்டியின் இழுவையைக் குறைத்துவிடுகிறதாம். கழற்றிப் பார்த்த மெக்கானிக், "கரி பெருசா இல்லையே" என்று தலையைச் சொறிந்தார். இருந்தாலும் கழுவி மாட்டி, விளக்கை அணைத்துக் கொடுத்தார்.

மார்ச் 11, புதன்

எரிகிறது. எனக்கும்தான்.

மார்ச் 14, சனி

புது வால்வே போட்டாயிற்று. திரும்பி வரும் வழியிலேயே அதே விளக்கு.

சாயங்காலம் நாத்தனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். இவர் ஆரம்பித்தார்: "இவ ஏறி உட்கார்ந்தாலே வண்டிக்கு மூச்சு முட்டுது." கூடமே சிரித்தது. என் மகளும். அவளுக்கு என்ன தெரியும், அப்பா சொன்னால் ஜோக். அதோடு விட்டாரா? "கொஞ்ச நாள் சாவி என்கிட்டயே இருக்கட்டும்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். நாத்தனார் என் கையைத் தட்டி, "விடுங்க அண்ணி, எல்லாருக்குமா டிரைவிங் வரும்?" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஓட்டுகிறேன். இருந்தும் — ஒருவேளை என் கால்தான் சரியில்லையோ? ஆஸ்பத்திரிக்கு 'வர இயலாது' என்று அடித்து வைத்திருக்கிறேன். அனுப்ப மட்டும் விரல் போகவில்லை.

மார்ச் 18, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சாவியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். இந்த மெக்கானிக் இஞ்சினை ஓடவிட்டு, கம்ப்யூட்டர் வழியாக அந்த வால்வை முழுசாகத் திறந்தார். "இப்ப புகை உள்ள வரணும், இஞ்சின் திணறணும். நின்னுகூடப் போகலாம். இது அசையுதா பாருங்க!" அசையவில்லை. "வால்வு நல்லாருக்கு. வர்ற வழியை எவனோ அடைச்சிருக்கான்."

வால்வுக்குப் புகை கொண்டுவரும் குழாயின் மறுமுனையைக் கழற்றினார். அளவெடுத்து வெட்டிய ஒரு தகடு. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் பாதி பொசுங்கிய வெள்ளை டேப்.

"இது மெக்கானிக் வேலை இல்லீங்க. போல்ட்டுக்கு எவன் இந்த டேப்பைச் சுத்துவான்? தண்ணி பைப்புக்குச் சுத்துறது இது."

தெரியும். எனக்குத் தெரியாதா அந்த டேப்பை? எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் மெஷினில், இவர் சட்டைப் பையிலிருந்து விழுந்து சுற்றாத வாரம் உண்டா?

தகட்டை மேஜைமேல், இவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"கழிவு போற குழாயைத் திருப்பி உள்ளயே விட்டிருக்கான் கம்பெனிக்காரன். எங்க வேலைல அப்படிச் செஞ்சா அடிக்க வருவாங்க. இஞ்சின் சுத்தமா இருக்கட்டும்னுதான் அடைச்சேன்."

"அடைச்சதை ஏன் சொல்லலை?"

"அதுக்கும் விளக்குக்கும் சம்பந்தம் இருக்கும்னு தோணலை."

"தோணலையா, சொல்லலையா?"

எழுந்து போய், சொட்டாத குழாயை இறுக்கிக்கொண்டிருந்தார். பாவி மனுஷா! நான் என் காலையே சந்தேகப்பட்டேனே. ரோட்டில் லாரிக்காரன் திட்டினதெல்லாம் நான் வாங்கினேனே. வாயை மூடிக்கிட்டு என் சாவியை வேற பிடுங்கினியே!

மார்ச் 19, வியாழன்

தகடு இல்லாமல் மேட்டில் ஏறினேன். மூன்றாம் கியரில் சும்மா ஏறுகிறது. ஏறி முடித்து, ஓரமாக நிறுத்தி, நன்றாக அழுதேன்.

மார்ச் 22, ஞாயிறு

"எங்க வெச்சு சொன்னீங்களோ, அங்கயே வந்து உண்மையைச் சொல்லுங்க" என்றேன். மறுத்துப் பார்த்தார். நான் விடவில்லை.

நாத்தனார் வீட்டில் முதலில் "வால்வுல ஏதோ சின்னக் கோளாறு" என்று மழுப்பினார். நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், "நான்தான் குழாயை அடைச்சுட்டேன்" என்றார்.

கூடமே மறுபடியும் சிரித்தது. "அண்ணன் அண்ணன்தான்! காரையும் பாத்ரூம்னு நினைச்சுட்டார்!" என்று நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இவரும் சிரித்தார். சரியாகிவிட்டதாம். நான் கெடுத்தேன் என்றபோது எனக்கு வண்டியோட்ட வராது என்றார்கள். இவர் கெடுத்தார் என்றதும் அது ஒரு ஜோக். என்னிடம் 'மன்னிச்சுக்கோங்க அண்ணி' என்று ஒரு வாய் சொன்னதா? இல்லை.

என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, அப்ப அம்மா மேல தப்பே இல்லையா?" என்று கேட்டாள். யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டேன். வருகிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

முதல் நாள். இவருக்கும் மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் குழாய் வேலை. "அந்தப் பக்கம்தானே போற" என்று நேற்று இழுத்தார். நான் பதில் சொல்லவில்லை.

காலையில் பஸ் நிறுத்தத்தில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். என் வண்டியைப் பார்த்ததும் கை காட்டினார்.

பார்த்தேன். கியரை மாற்றி மேலே போனேன்.

நாளைக்கு நிறுத்தினாலும் நிறுத்துவேன். அவர் பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு வரட்டும்.