காதுக்குள் டிக் டிக்

மார்ச் 4, செவ்வாய்

வேலை பார்க்கிற இடத்தில் பல் டாக்டரிடம் மதியத்துக்கு மேல் லீவு கேட்டேன். "மறுபடியுமா?" என்றார். வாயைப் பிளந்து படுத்திருந்த ஆள் என்னைப் பாவமாகப் பார்த்தார். கிளம்பிவிட்டேன்.

எங்கள் முதல் ஆல்பம். தம்பி பாடிக்கொண்டே பேஸ் கிட்டார் வாசிப்பான், எங்கள் சிநேகிதன் மொட்டை லீட் கிட்டார், நான் டிரம்ஸ். இத்தனை வருஷம் மொட்டை வீட்டு மாடியறையில் காட்டுக்கத்தல் கத்தினோம். இப்போதுதான் நிஜமான ஸ்டூடியோ. சந்தோஷமாக இருக்க வேண்டாமா? ஒலிப்பதிவு செய்கிற அண்ணன் என் காதில் ஹெட்போனை மாட்டி, "இந்த டிக் டிக்கோட சேர்ந்து அடிம்மா. மத்தவங்க அப்புறமா அதுக்கு மேல வாசிப்பாங்க" என்றார்.

தனியாகவா? தம்பியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். நான் எப்போதும் அவன் மூச்சு இழுப்பதைப் பார்த்துத்தான் அடிப்பேன். அவன் இழுத்தால் ஒரு இம்மி நிற்பேன், கத்தினால் ஓடுவேன். டிக் டிக் எங்கே மூச்சு விடுகிறது?

மார்ச் 5

பல்லவியில் டிக் டிக்கை முந்தி ஓடிவிட்டேன். மறுபடி. மறுபடி. சனியன்.

மார்ச் 7

இன்றும் அதே கதைதான். "ரயிலைப் பிடிக்கவா போறே?" - மொட்டை. உட்காருகிற ஸ்டூல் உயரம் சரியில்லை என்றேன். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றான். குச்சியை வீசினேன். சுவர்மேல்தான். அவன் மண்டைமேலேயே வீசியிருக்கலாம், அவ்வளவு பெரிசாகத்தானே இருக்கிறது.

மூன்று பேரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கிறோமே என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஒருத்தர் தப்பு பண்ணினா மூணு பேரோடதும் போச்சும்மா" என்றார் அண்ணன். தம்பி வாயில் கொழுக்கட்டை. அக்காவுக்காக ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போவான்?

மார்ச் 12

டாக்டர் லீவு தரவில்லை. "பரவாயில்லைக்கா, நாங்க கிட்டார் மட்டும் எடுத்துப் பாக்கறோம்" என்று தம்பி கிளம்பிப் போனான்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தம்பி போனில் பாட்டைப் போட்டான். அட, நாமா இது? ரெண்டு வரி தாண்டியதும் டிரம்ஸ் மட்டும்தான் காதில் விழுந்தது.

"இது நான் இல்லையேடா."

தேய்த்த தட்டையே தேய்த்தான். "ஸ்டூடியோ அண்ணனுக்குத் தெரிஞ்சவர்க்கா. ஒரே மூச்சுல எல்லாப் பாட்டையும் அடிச்சுட்டாரு."

"எல்லாத்தையுமா?"

"நீ அடிக்கிறதைத்தான் அப்படியே அடிச்சாரு. அட்டையில உன் பேருதான் வரும்."

பேரை வெச்சு நாக்கு வழிக்கவா? கூடப்பிறந்தவன்! லீவு கிடைக்காத நாளாப் பாத்து - என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா? இதுல இன்னொரு கொடுமை, கேக்க நல்லாத்தான் இருக்கு. அதான் வயித்தெரிச்சல்.

மார்ச் 17

அவனோடு பேசவில்லை.

மார்ச் 24

ஆல்பம் வெளியாகிற அன்றைக்கு மேடை நிகழ்ச்சியாம். "நீ வரலைன்னா வேண்டாம்க்கா" என்று வாசல்படியில் நின்று அழுதான். அந்த ஆளையே கூப்பிடு என்று கதவைச் சாத்தினேன். அப்புறம் நானே திறந்து, அந்த டிக் டிக்கை என் போனுக்கு அனுப்பு என்றேன்.

ஏன் கேட்டேன்? ரோஷம். வேறென்ன.

ஏப்ரல் 9

பஸ்ஸில், குளிக்கும்போது, ரெண்டு நோயாளிகளுக்கு நடுவில் - தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறேன். "உனக்கு நரம்புல ஏதாவது பிரச்சினையா?" என்று டாக்டர் நிஜமான கவலையோடு கேட்டார்.

ஏப்ரல் 20

இன்னும் பல்லவியில் ஓடுகிறேன். கொஞ்சமாக.

மே 11

மொட்டை வீட்டு மாடியில் ஒத்திகை. முதல் பாட்டை டிக் டிக்கோடு கடைசிவரை அடித்தேன், ஒரு இடம் பிசகவில்லை. "யம்மா!" என்று மொட்டை கையெடுத்துக் கும்பிட்டான். ஆனால் பல்லவிக்கு முன்னால் தம்பி மூச்சு இழுப்பதற்குள் நான் போய்விட்டேன். முதல் வார்த்தை அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, பழைய மாதிரி ஒரு தடவை அடியேன்."

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். வீம்பு பிடிக்கவில்லை, சத்தியமாக முயன்றேன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு அடித்தேன். அவன் இழுத்தான். என் கை நிற்கவில்லை.

"வரலைடா" என்றேன்.

அவன் திரும்பி நின்று பேஸுக்குச் சுருதி சேர்க்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சேர்ந்துதான் இருந்தது.