நம்பர் பிளேட் சாம்ராஜ்யம்

ஜூன் 3, செவ்வாய்

ஆபீஸ் பஸ் செங்கல்பட்டைத் தாண்டியதும் வழக்கம்போல் ஆட்டம் தொடங்கியது. முன்னால் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டில் உள்ள எழுத்துகள் எல்லாம் வருகிற மாதிரி ஓர் இங்கிலீஷ் வார்த்தை சொல்ல வேண்டும். போனைத் தொடக்கூடாது. நீளமான வார்த்தை சொன்னவருக்கு முன் ஜன்னல் சீட். அதில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து என் முதுகின் அச்சே விழுந்துவிட்டது.

இன்று ஒரு மணல் லாரி. டி, என், பி, எல். ‘கான்ஸ்டபிள்’ என்று முழங்கினேன். லாரிக்காரனே பயந்துபோய் ஓரம் கட்டியிருப்பான்.

பக்கத்து சீட் கலைவாணன் ‘டேபிள்’ என்றான்.

“டேய், என் எங்கடா? வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?”

பஸ்ஸே சிரித்தது. நல்ல நாள்.

ஜூன் 10, செவ்வாய்

கலைவாணன் ஜெயித்தான். கிரகண தோஷமாக இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

மறுபடியும் அவனே. போன வாரம் வரை ‘கேட்’, ‘ரேட்’ என்று தடவிக்கொண்டிருந்தவன் இன்று ஹைகோர்ட் வக்கீல் மாதிரி பொழிகிறான். அக்கவுன்ட்ஸ் ஜாய்ஸ் கைதட்டுகிறாள்: “இன்னா மாமா, ஆட்சி கவுந்துடுச்சா?”

நான் பதில் பேசவில்லை. நான் வாய் திறக்காத நாளில் மாமல்லபுரத்துக் கடல் வற்றிவிடும். வற்றியிருக்கும், யாரும் போய்ப் பார்க்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பிடித்துவிட்டேன்!

திருப்போரூர் வளைவில் அவன் சாப்பாட்டுப் பைக்குள் வெளிச்சம். உள்ளே போன். எழுத்துகளைத் தட்டினால் வார்த்தைகளைக் கொட்டுகிற ஏதோ வெப்சைட். பையோடு பிடுங்கி எல்லோருக்கும் காட்டினேன். “பாருங்கய்யா, சாம்பார்ல டிக்‌ஷனரிய ஊறப்போட்டிருக்கான்!”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன்?

ஜாய்ஸ்தான் மெல்லச் சொன்னாள். “மாமா, எல்லாருமே போன்ல பாத்துகினுதான் கீறோம். பாத்துட்டு வேணும்னே சின்னதா ஒண்ணு சொல்லுவோம். நீங்க ஜெயிச்சாதான அன்னிக்கு கலகலன்னு இருப்பீங்க.”

என் சாம்ராஜ்யம்! பிச்சையாகப் போட்ட சாம்ராஜ்யம்! த்தூ.

கலைவாணன் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். “இந்த பஸ்ஸுல போன வாரம் வரைக்கும் நான் ஒருத்தன்தான் போனத் தொடாம ஆடிகினு இருந்தேன், அண்ணாத்த. தெனம் என்னிய வெச்சி எல்லாரையும் சிரிக்க வெச்ச. ஒரு வாரம் நான் ஜெயிச்சது உனுக்குப் பொறுக்கல, இல்ல?”

ஜூன் 18, புதன்

பக்கத்து சீட் காலி. திருட்டுப் பயலுக்கு ரோஷம் வேற. போன் பண்ணலாமா — நான் எதுக்குப் பண்ணணும்? ஏமாத்துனது அவன்தான? பண்ணல.

ஜூன் 30, திங்கள்

இனி பைக்கிலேயே வருகிறானாம். இந்த வெயிலில். வரட்டும், கருகட்டும்.

ஜூலை 9, புதன்

கேளம்பாக்கம் சிக்னலில் பஸ்ஸுக்கு நேர் முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட் போட்டிருந்தால் என்ன, அந்தத் தோள் சரிவு தெரியாதா எனக்கு? நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. டி, என், ஏ, எம்.

“மாமா, செம ஈஸி! சொல்லுங்க, சொல்லுங்க!” என்றாள் ஜாய்ஸ். வண்டி யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. பஸ் முழுக்க என்னையே பார்த்தது. எல்லார் கையும் மடிமேல், போனைத் தொடாமல், ரொம்ப மரியாதையாக.

தெரியவில்லை என்றேன்.

பச்சை விழுந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் போனான்.