அரைப்பேர் இல்லாத பட்டறை

ஹட்டன்
14.6.1965

அன்புள்ள தம்பி இக்னேசியசுக்கு,

அக்கா இராசம்மா பட்டறையிலிருந்து எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் நான் எழுந்து நடமாடுகிறேன், வாயும் நன்றாக வேலை செய்கிறது. நீயும் டோரீனும் பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க மன்றாடுகிறேன். டோரீனுக்கு இருமல் விட்டதா? கொழும்பு வெயிலில் இருந்துகொண்டு இருமுகிறாள் என்றால் அது ஐஸ் தண்ணீர் செய்த வேலைதான். லொறியில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டு அனுப்பியிருக்கிறேன். கிழங்கை மூட்டையிலேயே வைத்திருக்க வேண்டாம், அழுகிப் போகும் என்று அவளிடம் சொல்லு.

இங்கே பிடித்த மழை விடவில்லை. கடைசல் மெஷினுக்கு மேலே தகரம் ஒழுகியது, மாற்றிவிட்டேன். என் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்திருந்தாய். அது இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் கோபத்தோடு படித்தேன், இரண்டாம் தரம் இன்னும் கோபத்தோடு படித்தேன். அப்பரன்டிஸ் பயல்கள் மூன்று பேரையும் இந்த மாதத்தோடு நிறுத்திவிடு, கொழும்பிலிருந்து வேலை தெரிந்த ஃபிட்டர்களை அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இல்லாவிட்டால் சனிக்கிழமை வந்து உன் பங்கைப் பிரித்துக்கொண்டு போகிறாயாம். அடேங்கப்பா! உன் மச்சான் கண்ணை மூடி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் தம்பிக்கு எவ்வளவு பெரிய மீசை முளைத்துவிட்டது!

கந்தப்பளையில் நடந்ததை நான் மறைக்கவில்லை. நீ அரைகுறையாகக் கேட்டிருக்கிறாய், முழுக்கக் கேட்டுக்கொள். அந்தத் தோட்டத்து ஃபாக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலருக்கு நாம் புதிதாக ஒரு புஷ் போட்டோம். தண்டு சுற்றுவதற்காக உள்ளே வைக்கிற அந்தப் பித்தளை வளையத்தை நம்ம அப்பரன்டிஸ் அழகுமுத்து கொஞ்சம் ஓங்கி அடித்துவிட்டான். மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தது. பயல் அதைப் பார்த்தான். பார்த்தவன் வாயைத் திறக்காமல் மேலே கிறீசை அப்பி மூடிவிட்டான். கொழுந்து குவிந்த வாரத்தில் ரோலர் இறுகி நின்றது. கொழுந்தெல்லாம் கிடந்து கருகியது. துரை இங்கிலீசில் எழுதிய கடிதத்தை நீயும் பார்த்தாய். ஆமாம், தப்பு நம்முடையதுதான். அதில் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேச மாட்டேன்.

பட்டறையில் எல்லார் முன்னாலும் வைத்து அவனை நார் நாராகக் கிழித்தேன். இரும்பை உடைத்ததற்கு இல்லை, ஏன்டா மறைத்தாய் என்றுதான் கேட்டேன். சொன்னா அரைப்பேர் போட்டுருவீங்கன்னு பயந்துட்டேம்மா என்றான்.

அரைப்பேராம், தம்பி! அவன் நம்ம பட்டறைக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஏது அரைப்பேர்? ஆனால் அவன் கொழுந்து பறிக்கிற ராக்காயி பெற்ற பிள்ளை, தோட்டத்து லயத்தில் பிறந்தவன். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் நிற்கப் பிந்தினால் அரைப்பேர், கூடையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி முறிந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மழையில் நனைந்தவளுக்குப் பாதி ஆள் என்று செக்ரோலில் எழுதிப் பாதிக் கூலி கொடுக்கிற ஊர் இது. நம்ம அம்மா அரைப்பேரோடு வீட்டுக்கு வந்த நாட்களில் யாரோடும் பேசாமல் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாளே, உனக்கு ஞாபகம் இல்லையா? இந்தப் பயல்கள் ஸ்பேனர் பிடிக்கப் பழகுவதற்கு முன்பே மறைக்கப் பழகிவிட்டார்கள். நாம் இரும்பு வேலையைப் பழக்கினோம், அந்தப் பயத்தை எடுக்கவில்லை. அதுதான் கந்தப்பளையில் வெடித்தது.

மறுநாள் காலையில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். இந்தப் பட்டறையில் அரைப்பேர் என்ற பேச்சே கிடையாது. உடைத்தவன் தானே வந்து சொன்னால் அவனுக்கு முழுப்பேர். மறைத்து நான் கண்டுபிடித்தால் அன்றைக்கே வீட்டுக்கு. நம்ம மூத்த ஃபிட்டர் முத்துலிங்கம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்படிச் செல்லம் கொடுத்தா ஒருத்தனும் உருப்படமாட்டான் அக்கா என்று முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே இன்னொரு பயல் கணேசமூர்த்தி வந்தான், தேயிலை காயவைக்கிற டிரையர் போல்ட்டின் மரையைத் தேய்த்துவிட்டேன் என்று. சாமான் லொறியில் ஏறுவதற்கு முன்பே சொன்னான், புதுப் போல்ட் போட்டு அனுப்பினோம். வேறு யார் வந்தது என்று நினைக்கிறாய்? முத்துலிங்கமே வந்தார்! உடப்புசல்லாவைக்கு அனுப்ப வைத்திருந்த கப்பியில் துளையைத் தள்ளிப் போட்டுவிட்டாராம். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து என் தப்பு என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, முழுப்பேர்தாங்க அண்ணே என்றேன்.

அழகுமுத்து என்ன செய்தான் தெரியுமா? யாரும் சொல்லாமலே கந்தப்பளைக்கு பஸ் ஏறிப் போய், துரை முன்னால் நின்று, உடைச்சது நான்தானுங்க என்று சொல்லியிருக்கிறான். துரை வெளியே போடா என்று கத்தினார். போகவில்லை. ஃபாக்டரி பார்க்கிற டீமேக்கர் கையைக் காலைப் பிடித்து உள்ளே போய், புது வளையத்தைப் போட்டு, ரோலர் சுற்றுவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். துரை நமக்கு மறுபடியும் வேலை தருவாரா, தரமாட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தராவிட்டாலும் நான் இந்தப் பயலை விடமாட்டேன்.

வேலை தெரிந்தவனை அனுப்புகிறேன் என்கிறாய். போன வருஷம் நீ அனுப்பிய இரண்டு பேரும் என்ன ஆனார்கள்? ஒருவன் முதல் பனிமூட்டத்திலேயே ரயில் ஏறிவிட்டான். மற்றவன் தோட்டத்து ஃபாக்டரியில் படுக்கமாட்டேன், ஹோட்டலில்தான் தங்குவேன் என்றான். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் யாரோ ஒருவன் பழக்கித்தானே விட்டான்? எல்லாக் கம்பெனியும் பழகிய ஆளே வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் பழக்குவது யார்? ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கிய நாம் இன்றைக்கு இந்த மலையெல்லாம் ரோலரும் டிரையரும் பார்க்கிறோம். நாளைக்கு இன்னும் பத்து ஃபாக்டரி கூப்பிட்டால், முத்துலிங்கத்தை வெட்டிப் பத்துத் துண்டாக்கியா அனுப்புவது?

கடைசியாக ஒன்று எழுதியிருந்தாயே, அதுதான் என் நெஞ்சில் தைத்தது. இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டாயிற்று, இவன்களை எப்போது கப்பலேற்றுவார்களோ, இவன்களுக்குப் போய் ஏன் தொழில் பழக்க வேண்டும் என்கிறாய். நன்றாயிருக்கிறது! இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது போதாதா? நீயும் அதே தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறாயா? அரசாங்கத் தொழிற்பள்ளிக்கு அழகுமுத்துவைக் கூட்டிப்போனேன். பயலுக்கு என்ன தெரியும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பிரஜாவுரிமைக் கடதாசி எங்கே என்று வாசலிலேயே கேட்டார்கள். உனக்குக் கடதாசி கிடைத்தது, எனக்கும் கிடைத்தது, ராக்காயி வீட்டுக்குக் கிடைக்கவில்லை. அதற்காக அவன் கை நம்ம கையைவிடக் குறைந்ததா? இந்த நாடு அவனுக்கு அரைப்பேர்கூடப் போடவில்லை. நான் போடுவேன், முழுப்பேர் போடுவேன். அவன் இங்கே இருந்தால் இந்த மெஷின்கள் ஓடும். கப்பலேற்றினால் அவன் பழகிய தொழிலும் அவனோடு கப்பல் ஏறும். அதை எந்தச் சுங்கத்தானும் பிடித்து வைக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டு அழாதே. பட்டிப்பொலவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் உன் மச்சான் நாள்கூலி மெக்கானிக்காக இருந்தபோது, அங்கே ஒரு பம்ப் எஞ்சின் இறுகி எரிந்து போனதே. எண்ணெய் ஊற்ற மறந்தது யார்? வேலை பழக வந்த நீதான். ஓடிப்போய்த் தேயிலைக்குள்ளே ஒளிந்துகொண்டாய். அது பழைய எஞ்சின், அதனால் தானாக எரிந்தது என்று அவர் உன்னிடம் சொன்னார். துரையிடம் போய், என் கவனக்குறைவுங்க, என் பேரை வெட்டுங்க என்றுதான் சொன்னார். வெட்டினார்கள். அந்த மாதம் முழுக்க அவருக்கு அரைப்பேர். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார், பயல் மனசு விட்டுருவான் என்று. இன்றைக்கு அந்தச் சத்தியத்தை உடைத்துவிட்டேன். அவர் என்னோடு கோபிக்கமாட்டார்.

ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள். மூன்று பயல்களின் அப்பரன்டிஸ் ஒப்பந்தமும் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் போட்டாயிற்று. பங்குதாரர் இரண்டு பேரும் போட்டால்தான் செல்லும். பங்கு பிரிக்க வேண்டும் என்றால் தாராளமாகப் பிரி. லொறியை எடுத்துக்கொள், கொழும்பு ஓடர்களை எடுத்துக்கொள். கடைசல் மெஷினும் இந்த மூன்று பயல்களும் என் பங்கு. வீட்டுக் கோடியில் ஒரு கொட்டகை போட்டு முதலிலிருந்து தொடங்குவேன். எனக்கு அது புதிது இல்லை.

ஆனால் நீ பிரிக்கமாட்டாய் என்றுதான் என் மனசு சொல்கிறது. வாசலில் புதுப் பலகை எழுத ஆள் வந்தான். உன் மச்சான் பேரை எழுதிவிட்டு, பக்கத்தில் யார் பேர் என்று கேட்டான். கொஞ்சம் இடம் விட்டு வை, சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ரயிலில் வா, பிள்ளையையும் கூட்டி வா, கம்பளி மறந்துவிடாதே. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பேன். கொழும்புக்குப் போன பிறகு உன் பேரை இக்னி, இக்னி என்று பாதியாகக் கிறுக்கப் பழகியிருக்கிறாய். அந்தப் பயல்களின் கடதாசியில் அப்படிக் கிறுக்காதே. சூசை மகன் இக்னேசியஸ் என்று முழுப்பேராகப் போடு.

மாதா உன் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும்.

வழி பார்த்திருக்கும் அக்கா,
சூசை மகள் இராசம்மா மரியநாயகம்