பிரெஞ்சுக் கொடி

கார்த்திகை 11, செவ்வாய். ஹம், ஜேர்மனி.

என் கணவர் உயிரோடு இருக்கும்போது செய்த பிரெஞ்சுப் போர்க்கப்பல் மாதிரியைக் கண்காட்சிக்குக் கேட்டு, இவருடைய மாதிரிக் கப்பல் கழகத்து நண்பர் குணம் வந்தார்.

"அக்கா, இந்தப் பாய்மரங்கள் நெப்போலியன்ரை கப்பலை இங்கிலிஷ்காரர் பிடிச்ச பிறகு வைச்சது. அப்ப கொடியும் இங்கிலிஷ் கொடியாத்தான் இருக்கவேணும். கடதாசியிலை ஒண்டு ஒட்டிவிடட்டோ?"

"கடதாசியோ! கன்னியர் மடத்திலை தையல் படிச்சவள் நான். நாளைக்கு வாரும், தம்பி."

அவர் சொன்னது சரி. பிழையான கொடியோடு இவருடைய கப்பலைச் சபையில் வைக்க ஏலாது. ஆனால் அந்தப் பிரெஞ்சுக் கொடிதான் நாங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை. கழற்றி என் பெட்டியில் வைத்தேன். புதுக் கொடிக்குத் துணியும் வெட்டிவிட்டேன்.

ஊசியில் நூல் ஏறவில்லை. என் கண் மங்கிய நாள் முதல் இவர்தான் கோத்துத் தந்தவர். நாளைக்குக் குணத்தைக் கேட்கலாம். கேட்க மாட்டேன். இன்னும் ஒருதரம் நானே கோத்துப் பார்க்கிறேன்.