சொந்தக் கோலுக்கு மறுநாள்

சென்ற ஞாயிறு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பையனின் முழங்காலிலிருந்து தைல வாசம் வீசியது. எங்கள் கட்டில் தலையணை உறைகளில்கூட ஊறிக்கிடந்த, உங்கள் தைலத்தின் வாசம். நீங்கள் கண்மூடிய பிறகு நான் எங்கள் ஊரான கொட்டாஞ்சேனைப் பக்கமே போகவில்லை. வழி நெடுக உங்களைப் பற்றித்தான் கதைப்பார்கள் என்ற பயத்தில் மகள் வீட்டோடு இருந்துவிட்டேன். அன்றுதான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு புறப்பட்டிருந்தேன்.

கழகத்துக்கு உதைபந்து ஆடினீர்கள், நாட்டுக்கு ஆடினீர்கள், மாலைதீவில் சம்பளத்துக்கும் ஆடினீர்கள். எப்போதும் பின்களம்தான், கெப்டனான பிறகும். அதை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படி விளக்குவேன்: கோல் அடிப்பவன் கலியாண மாப்பிள்ளை, தடுப்பவன் சமையலைப் பார்க்கும் அண்ணன். சோறு குழைந்தால்தான் அவனைத் தேடுவார்கள். ஆனாலும் கொட்டாஞ்சேனை உங்களைக் கொண்டாடியது. பூசை முடிந்து வீடு வருவதற்குள் எத்தனை பேர் உங்கள் தோளைத் தொடுவார்கள்.

அந்தக் கிண்ண இறுதிப் போட்டியில், ஆட்டம் முடியும் தறுவாயில், பந்தை வெளியே தட்ட நீட்டிய உங்கள் கால் அதை எங்கள் கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டது. கிண்ணம் போனது. காசு வாங்கிவிட்டார் என்றுகூடச் சிலர் கத்தினார்கள். மறுநாள் காலை நீங்கள் மீன் வாங்கக் கூடையை எடுத்தபோது, கொஞ்ச நாளைக்கு வெளியே போகவேண்டாம், நான் போய் வருகிறேன் என்று மறித்தேன்.

“ஒளிச்சா அவங்கள் சொன்னது உண்மையாப் போயிரும். நீரும் வாரும்” என்றீர்கள்.

சந்தையில் பேச்சு அடங்கியது. உங்கள் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாத மீன்காரர் முகம் பார்க்காமலே பாரை மீனை வெட்டி முடித்தார். சிங்களத்தில் அவருக்கு நீங்கள் ‘அய்யே’, அண்ணன்; உங்களுக்கு அவர் ‘மல்லி’, தம்பி.

“அய்யே, மீனை எந்தக் கூடையில போட? உங்கடதிலயா, என்டதிலயா?”

சுற்றி நின்றவர்கள் உங்களைப் பார்த்தார்கள்.

“உன்ட கூடையிலயே போடு மல்லி. நேத்து நானும் அப்படித்தானே செஞ்சனான்.”

முதலில் அவர் உதடு கோணியது. பிறகு சந்தையே சிரித்தது. அடுத்த ஆட்டத்துக்கு நீங்கள் இறங்கியபோது முதலில் கை தட்டியதும் அவர்கள்தான்.

ஞாயிறன்று பஸ்ஸால் இறங்கி நடந்தபோது ஒருவர் முச்சக்கரவண்டியை ஓரமாக நிறுத்தினார். கட்டாரில் பல வருடம் வேலை செய்து அண்மையில்தான் திரும்பியவராம்.

“மிஸ், எங்கட கெப்டன் எப்படி இருக்கிறார்?”

தலையாட்டிவிட்டு நகரத்தான் கால் எழுந்தது. ஆனால் உங்களோடு அந்தச் சந்தைக்கு நடந்தவள் அல்லவா நான். நின்றேன்.

“அவர் போயிட்டார் தம்பி.”

அந்தச் சொற்களை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் எஞ்சினை அணைத்தார். பிறகு, நீங்கள் கோல் கோட்டில் விழுந்து தடுத்த ஒரு பந்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் பார்த்திராத ஆட்டம். வெயிலில் நின்று முழுவதையும் கேட்டேன்.